கேம் ஆடி நிஜ கிட்டார் பழகுறது எப்படி: மார்த்தாண்டத்துல இருந்து ஒரு வழிகாட்டி

நான் பட்ட பாட்ட நீங்களும் படக்கூடாதுன்னு தான் இத எழுதுறேன். போன வருஷம் ஏப்ரல் கடைசில "கேம் ஆடியே கிட்டார் படிச்சிரலாம்"னு தொடங்கினேன், ஜூன் நடுவுல தான் ஒரு பாட்டோட முதல் நோட்ட (சுரத்த) ஒழுங்கா அடிச்சேன். நடுவுல உள்ள ஏழு வாரமும் கேபிள் சேரல, சத்தம் லேட்டா வருது, ஸ்ட்ரிங் அறுந்துட்டு, காசு போய்ட்டு, இதே கதை. வெரல் வலிச்சு கிட்டார விட்டவங்கள விட இந்த செட்டப் தொல்லையில விட்டவங்க தான் ஜாஸ்தின்னு எனக்கு தோணுது, எங்க தெருவுலயே ரெண்டு வீட்டுல கிட்டாரு அலமாரிக்கு மேல கெடக்கு.

ஒரு விஷயம் மொதல்லயே சொல்லிருதேன். கிட்டார் ஹீரோ மாதிரி பிளாஸ்டிக் பட்டன் அமுக்குற கேம பத்தி நான் பேசல, அத வருஷக்கணக்கா ஆடுனாலும் ஒரு கார்டு (ரெண்டு மூணு சுரத்த சேத்து ஒரே அடியா அடிக்கிறது) கூட பிடிக்க வராது. நான் சொல்லுறது ராக்ஸ்மித் மாதிரி, நிஜ கிட்டார கேபிள் போட்டு மாட்டி, நீங்க அடிக்கிற நோட்ட கேம் கேட்டு சரி தப்பு சொல்லுமே, அது.

1. கிட்டார் வாங்குறதுக்கு முன்னாடி எந்த கேம்னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் தலைகீழா செய்வாங்க, நானும் அப்படித்தான், மொதல்ல கிட்டார் வாங்கிட்டு அப்புறம் கேம தேடினேன். கேம் எதுன்னு தெரிஞ்சா தான் எந்த கேபிள், எந்த மெஷின், எந்த மாதிரி கிட்டாருன்னு முடிவாகும்.

இப்ப மூணு வழி இருக்கு.

ஒண்ணு, ராக்ஸ்மித் 2014. யூபிசாஃப்ட்னு ஒரு கேம் கம்பெனி 2013ல எறக்கினது, 2016ல ரீமாஸ்டர்டுன்னு புதுப்பிச்சாங்க. ஒருக்கா வாங்கினா போதும், மாசாமாசம் காசு கெடையாது, அம்பதுக்கு மேல பாட்டு உள்ளயே இருக்கு, நெட் இல்லாமலும் ஓடும். ஆனா பாட்டு லைசென்ஸ் முடிஞ்சதால 2023 அக்டோபர்ல இத ஆன்லைன் ஸ்டோர்ல விக்கிறத நிறுத்திட்டாங்க. முன்னாடியே வாங்கி லைப்ரரில வச்சிருக்கவங்க டவுன்லோட் பண்ணிக்கிடலாம். புதுசா வாறவங்களுக்கு பழைய டிஸ்க் ஒண்ணு தான் வழி, பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ் 4) இல்லன்னா எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம் மெஷினுக்கு உள்ள டிஸ்க்.

ரெண்டு, ராக்ஸ்மித் பிளஸ். 2022 செப்டம்பர்ல கம்ப்யூட்டருக்கு வந்தது, பிறகு மொபைலுக்கும் பிஎஸ் 4, பிஎஸ் 5க்கும் வந்துச்சு. பாட்டு ஆயிரக்கணக்குல இருக்கு, ஆனா சந்தா கட்டணும், ஆடும்போது நெட் இருந்துக்கிட்டே இருக்கணும். கேபிள் இல்லன்னாலும் போன் மைக்க வச்சு ஆடலாம். காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க அக்கவுண்ட்ல நாடு இந்தியான்னு இருக்கும்போது அந்த பிளான் காட்டுதான்னு பாருங்க, காட்டலன்னா வேற நாடுன்னு பொய் சொல்லி வாங்காதீங்க, பின்ன கார்டு விலாசம் சேராம பேமென்ட் மாட்டிக்கிடும்.

மூணு, யூசிசியன் மாதிரி மொபைல் ஆப். போன் மைக் போதும், தினமும் கொஞ்ச நேரம் ஓசி. கிட்டார் நமக்கு ஒத்துவருமான்னு சோதிச்சு பாக்க இது கொள்ளாம்.

நான் மொதல் வழில போனேன், ஏன்னா எங்க சித்தப்பா மொவன் துபாய்க்கு திரும்பி போகும்போது அவன் பிஎஸ் 4ஐ எங்க வீட்டுல போட்டுட்டு போயிருந்தான். 

இங்க ஒரு குழி. ராக்ஸ்மித் 2014 விக்கிறத நிறுத்தின பிறகு "ஆக்டிவேஷன் கீ இருக்கு, கம்மி வெல"ன்னு நெறைய பேரு வருவாங்க. மொதல்ல லேப்டாப்ல ஆடலாம்னு நெனச்ச சமயம் நான் 1,900 ரூபா அனுப்பினேன், வந்த கீ ஏற்கனவே வேற யாரோ யூஸ் பண்ணது, ஆளு அன்னைக்கே என்ன பிளாக் பண்ணிட்டான். கைக்கு டிஸ்க் வந்து, மெஷின்ல போட்டு, மெனு வாறத கண்ணால பாத்த பிறகு தான் காசு குடுக்கணும். டிஸ்க் வாங்கும்போது கூடவே கேபிள் இருக்கான்னு கேளுங்க, எனக்கு டிஸ்க்கும் கேபிளும் சேத்து 4,500 ஆச்சு. இன்னொண்ணு, டிஸ்க் எந்த ரீஜனோ அந்த ரீஜன் ஸ்டோர் பாட்டு தான் அதுல சேரும். அமெரிக்கா டிஸ்க்க வச்சுக்கிட்டு இந்திய அக்கவுண்ட்ல தனி பாட்டு வாங்கினா காசு தான் போகும், பாட்டு கேம்ல வராது.

2. கிட்டார்: சபை கிட்டார தூக்கிட்டு வராதீங்க

நம்ம மாவட்டத்துல கிட்டார் இல்லாத சபை கம்மி, அதனால "அங்கன ஒண்ணு சும்மா தானே கெடக்கு"ன்னு எடுத்துட்டு வந்து பழகலாம்னு தோணும். அது பெரும்பாலும் வெறும் அக்கூஸ்டிக்கா (கரண்டு வேலை இல்லாத மரக்கிட்டாரு) இருக்கும், கேபிள் குத்துற ஓட்டையே இருக்காது. ராக்ஸ்மித் 2014க்கு எலக்ட்ரிக் கிட்டார் வேணும், இல்லன்னா பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ கேபிளுக்கு அனுப்புற பாகம்) வச்ச செமி அக்கூஸ்டிக். புதுசா கைவைக்கிறவங்களுக்கு எலக்ட்ரிக் தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன், ஸ்ட்ரிங் மெலிசு, அமுக்க லேசு, ராத்திரி பதினோரு மணிக்கு ஆம்ப் (சத்தம் கூட்டுற பெட்டி) இல்லாம அடிச்சா பக்கத்து ரூமுக்கே கேக்காது.

புதுசு வாங்கினா கடை பில் கண்டிப்பா வேணும், ஜிஎஸ்டி நம்பரோட, வாரண்டி கார்டுல கடை சீலும் தேதியும் வேணும், "பிறகு வாங்கிக்கிடலாம்"னா அது வராது. ஆன்லைன்ல வாங்கினா பெட்டிய உடைக்கிறதுல இருந்து வீடியோ எடுங்க. கிட்டார் கழுத்து முறிஞ்சு வந்தா வீடியோ இல்லாம ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்.

பழசு வாங்கினா பில் இருக்காது, அப்ப தலைக்கு பின்னாடி உள்ள சீரியல் நம்பர போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, காச யூபிஐல அனுப்புங்க, ஒரு ரெக்கார்டாவது கெடக்கும். நான் நாகர்கோவில்ல ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார 6,000க்கு எடுத்தேன். எடுக்குற அன்னைக்கு நாலு விஷயம் பாக்கணும், நான் ரெண்டு தான் பாத்தேன்.

கழுத்த கண்ணுக்கு நேரா பிடிச்சு, துப்பாக்கி குறி பாக்குற மாதிரி பாருங்க, வளைஞ்சு கெடந்தா வேண்டாம். ஒவ்வொரு ஃப்ரெட்டுலயும் (கழுத்துல குறுக்க உள்ள கம்பிகளுக்கு நடுவுல உள்ள கட்டம்) ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் அமுக்கி அடிங்க, எங்கயாவது "ஸ்ஸ்"னு அடைச்சா சொல்லி வெலய கொறைங்க. கேபிள் குத்துற எடத்துல கேபிள அசைச்சா கரகரன்னா, உள்ள சால்டர் விட்டுருக்கு. கடைசியா, ஒரு ஸ்ட்ரிங்க வெறுமனே அடிச்சு பிறகு அதே ஸ்ட்ரிங்க 12வது ஃப்ரெட்டுல அமுக்கி அடிங்க, ரெண்டும் ஒரே சுரம் தான், மேல கீழ மட்டும் வித்தியாசம். போன் டியூனர்ல ரெண்டாவது ரொம்ப தள்ளி காட்டினா, நீங்க சரியா அடிச்சாலும் கேம் தப்புன்னு தான் சொல்லும். எனக்கு அதான் நடந்துச்சு, மூணு வாரம் என் வெரல நானே ஏசிட்டு இருந்தேன்.

பழசுன்னா உடனே ஒரு கிட்டார் ரிப்பேர்காரர்ட்ட குடுத்து செட்டப் பண்ணிருங்க. 700 ரூபா வாங்கினாரு, ஸ்ட்ரிங் உயரம் எறக்கி, பாலம் (கீழ ஸ்ட்ரிங்க தாங்குற பாகம்) சரி பண்ணி ரெண்டு நாள்ல தந்தாரு. "தம்பி, இத இப்படியே வாசிச்சா உனக்கு வெரல் தான் போவும், பாட்டு வராது"ன்னு பறஞ்சாரு, சரியா தான் சொன்னாரு.

ஸ்ட்ரிங் புதுசு, 650. 9 இல்லன்னா 10 கேஜ் (ஸ்ட்ரிங் தடிமன்) கேளுங்க, 11 வேண்டாம். உங்க வீடு கொளச்சல், முட்டம் பக்கம் கடலோரமா இருந்தா உப்புக்காத்துல ஒரு மாசத்துலயே துருப்பிடிக்கும். வாசிச்சு முடிஞ்சதும் பழைய பருத்தி துணியால ஸ்ட்ரிங்க ஒவ்வொண்ணா தொடைங்க, பையில ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க. நேந்திரங்கா சிப்ஸ் தின்ன கையோட கிட்டார தொடாதீங்க, இத சொல்ல வேண்டி வந்ததே எங்க வீட்டு பயலுகளால தான்.

3. கேபிள்: 350 ரூபா கேபிள் வேலைக்கு ஆகாது

இது தான் பெரிய குழி. ராக்ஸ்மித் 2014க்கு ரியல் டோன் கேபிள்னு ஒண்ணு உண்டு, ஒரு பக்கம் கிட்டார்ல குத்துற தடி ஜாக், மறுபக்கம் யூஎஸ்பி. கேம் அந்த கேபிள தான் தேடும். நெட்ல 300, 350க்கு "யூஎஸ்பி கிட்டார் கேபிள்"னு பாக்க அதே மாதிரி கெடைக்கும், நானும் வாங்கினேன், பிஎஸ் 4ல மாட்டினா "கேபிள மாட்டுங்க"ன்னு ஸ்கிரீன்ல எழுதி வந்துக்கிட்டே இருக்கு. நான் கேபிள் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மாத்தி வாங்கி திரும்பவும் அதே. கேபிள் கெடல, கேம் அத ஏத்துக்கிடல, அவ்வளவு தான்.

நல்ல சேதி என்னன்னா ரியல் டோன் கேபிள் பிஎஸ் 3, பிஎஸ் 4, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் ஒண்ணு தான். அதனால கல்ஃப்ல உள்ள சொந்தக்காரங்கட்ட சொல்லி பழைய செட்ல இருந்து கேபிள மட்டும் எடுத்துட்டு வர சொல்லலாம், லீவுக்கு வாறவங்க பெட்டில சுருட்டி வச்சா எடமே பிடிக்காது. வெளிநாட்டு சைட்ல இருந்து கொரியர்ல வரவழைச்சா கஸ்டம்ஸ் டியூட்டி தனியா வரும், கொரியர்காரங்க கேஒய்சி கேப்பாங்க, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை காப்பி ரெடியா இருக்கணும், பார்சல் மேல உள்ள பேரும் கார்டுல உள்ள பேரும் ஒண்ணா இருக்கணும். நம்ம ஊர்ல வீட்டு பேரு, அப்பா பேரு, இனிஷியல் எல்லாம் ஒவ்வொரு கார்டுலயும் ஒவ்வொரு மாதிரி கெடக்கும்ல, அங்க தான் பார்சல் நின்னுக்கிடும்.

ராக்ஸ்மித் பிளஸ்ஸ கம்ப்யூட்டர்ல ஆடப்போறீங்கன்னா இந்த கேபிள தேடி அலைய வேண்டாம், சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டார் சத்தத்த கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற சின்ன பெட்டி) போதும். நான் பாக்கும்போது நாலாயிரம் ரூபா பக்கம் ஆரம்பிச்சுது, பின்னாடி பாட்டு ரெக்கார்ட் பண்ணவும் ஆகும். காசு இருக்குன்னா நான் இதத்தான் வாங்க சொல்லுவேன்.

போன் மைக்ல ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஃபேன் ஆஃப் பண்ணுங்க, டிவி சவுண்ட ஹெட்செட்ல போடுங்க, இல்லன்னா கேம் போடுற பாட்டையே மைக் கேட்டு கொழம்பிரும். திருவிழா சமயம் குழாய் ஸ்பீக்கர் கட்டிட்டான்னா பத்து நாளைக்கு மைக் முறைய மறந்துருங்க.

4. அக்கவுண்ட், கார்டு

ராக்ஸ்மித் பிளஸ்ஸுக்கு யூபிசாஃப்ட் அக்கவுண்ட் ஒண்ணு வேணும். எப்பவும் யூஸ் பண்ணுற மெயில் ஐடில போடுங்க, ரெண்டடுக்கு பாதுகாப்பு போடுங்க. ஸ்டீம்ல (கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஆன்லைன் கடை) வாங்கி ஆடுறவங்க ஸ்டீம் அக்கவுண்டையும் யூபிசாஃப்ட் அக்கவுண்டையும் இணைக்கணும், அவசரத்துல பழைய மறந்துபோன மெயில் அக்கவுண்டோட இணைச்சிட்டீங்கன்னா பிரிக்கிறது பெரிய தலவலி.

சந்தாவுக்கு கார்டு போடும்போது, புது டெபிட் கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனை மூடித்தான் இருக்கும், பேங்க் ஆப்ல போய் தொறக்கணும். மாசாமாசம் தானா எடுக்குற சந்தான்னா காசு எடுக்க 24 மணி நேரத்துக்கு முன்னாடி பேங்க்ல இருந்து மெசேஜ் வரணும், அந்த மெசேஜ பாக்காம விட்டுறாதீங்க. என் கூட்டாளி ஒருத்தன் ஒரு மாசம் ஆடிட்டு நிறுத்திட்டான், சந்தாவ நிறுத்த மறந்துட்டான், அஞ்சு மாசம் போய்ட்டு. ஓசி நாள் ஏதாவது குடுத்தா, எடுத்த அன்னைக்கே முடியுற தேதிய போன் காலண்டர்ல போட்டுருங்க.

நெட் பத்தி. பிளஸ் ஆடுறவங்க மோடத்த இன்வெர்டர் லைன்ல போடுங்க. மழைக்காலத்துல நம்ம பக்கம் கரண்டு போற போக்கு தெரியும்ல.

5. சத்தம் லேட்டா வந்தா மத்த எதையும் தொடாதீங்க

செட்டப் எல்லாம் முடிஞ்சு மொத நாள் ஸ்ட்ரிங்க அடிக்கிறேன், டிவில சத்தம் கொஞ்ச நேரம் கழிச்சு வருது. கிணத்துல கல்லு போட்ட மாதிரி. கேம் "லேட்"டுன்னு காட்டுது. நான் எனக்கு தாளம் இல்லன்னு நெனச்சேன். பத்து நாள் நெனச்சேன்.

விஷயம் என்னன்னா, எச்டிஎம்ஐ வழியா டிவிக்கு போற சத்தத்த டிவி படத்தோட சேத்து அலசி ஆராய்ஞ்சு தான் வெளிய விடும், அந்த நேரம் தான் லேட். படம் பாக்க அது தெரியாது, கிட்டாருக்கு தெரியும். இத கேம் உள்ள இருக்குற செட்டிங்ல முழுசா சரி பண்ண முடியாது, சத்தத்த டிவிக்குள்ள போக விடாம வேற வழில எடுக்கணும்.

பிஎஸ் 4ல பின்னாடி ஆப்டிகல் ஓட்டை இருக்கும், அதுல இருந்து ஹோம் தியேட்டருக்கு நேரா ஆப்டிகல் கேபிள் போடுங்க, கேபிள் 250 ரூபா. கல்ஃப்ல இருந்து வந்த பழைய ஹோம் தியேட்டர் நம்ம பக்கம் ரெண்டு வீட்டுக்கு ஒண்ணு கெடக்கும், பின்னால ஆப்டிகல் இன்புட் இருக்கான்னு பாருங்க. ஆனா பிஎஸ் 4 ஸ்லிம்ல அந்த ஆப்டிகல் ஓட்டைய எடுத்துட்டாங்க, அதனால பழைய மெஷின் வாங்குறவங்க ஸ்லிம்மா சாதாவான்னு கேட்டு வாங்குங்க, இந்த ஒரு வேலைக்கு மொத மாடல் தான் மேல். டிவில கேம் மோடும் போடுங்க, படம் லேட்டாகுறது கொறையும்.

புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் ஹெட்செட் ரெண்டும் வேண்டவே வேண்டாம். சாதாரணமா 100 மில்லி செகண்டுக்கு மேல லேட்டாகும், எவ்வளவு வெல குடுத்து வாங்கினதுன்னாலும் சரி. வயர் ஹெட்செட் 300 ரூபாய்க்கு போதும்.

கம்ப்யூட்டர்ல ஆடுறவங்க விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ல மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் 48000 ஹெர்ட்ஸ்ல வைங்க, ரெண்டும் வேற வேறயா இருந்தா கரகரக்கும். மைக் பர்மிஷன் மூடியிருந்தா கேபிள் மாட்டியிருந்தும் கேமுக்கு ஒண்ணும் கேக்காது, அதையும் தொறங்க. ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தா பஃபர்னு ஒரு எண் இருக்கும், 256ல வச்சா அந்த ஒரு அடுக்குல சுமார் 5 மில்லி செகண்டு தான், அது கைக்கு தெரியாது. சத்தம் வெட்டி வெட்டி வந்தா 512க்கு ஏத்துங்க.

இன்னொரு சத்தம் உண்டு, "ம்ம்ம்"னு இரைச்சல். ஸ்ட்ரிங்க கையால தொட்டா கொறையுதுன்னா அது எர்த் பிரச்சனையா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. லேப்டாப் சார்ஜர உருவிட்டு பேட்டரில ஓட்டி பாருங்க. தொடும்போது சுருக்குன்னு கரண்ட் மாதிரி இருந்தா அன்னைக்கு ஆட்டத்த நிறுத்திட்டு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு வீட்டு எர்த்த பாக்க சொல்லுங்க, இதுல சவடால் வேண்டாம்.

6. டியூனிங்

கேம் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி டியூன் பண்ண சொல்லும். தடிச்ச ஸ்ட்ரிங்ல இருந்து மெலிஞ்சதுக்கு ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எல்லா பாட்டுக்கும் இது ஒண்ணே இல்ல, சில பாட்டு தடிச்ச ஸ்ட்ரிங்க மட்டும் எறக்க சொல்லும், சில பாட்டு ஆறையும் அரை சுரம் எறக்க சொல்லும். புதுசா ஆடுறவங்க ஒவ்வொரு பாட்டுக்கும் ஏத்தி எறக்கி, அரை மணி நேரத்துல இருபது நிமிஷம் டியூனிங்ல போயிரும். பாட்டு லிஸ்ட்ட டியூனிங் வாரியா அடுக்குற வசதி இருக்கு, அதப் போட்டு, ரெண்டு மாசத்துக்கு ஈ ஸ்டாண்டர்டு (மேல சொன்ன ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ) பாட்டு மட்டும் ஆடுங்க.

டியூன் பண்ணும்போது கை எந்த திருகுல இருக்கோ அந்த ஸ்ட்ரிங்க தான் அடிக்கிறோமான்னு பாருங்க. நான் ஒண்ண அடிச்சுக்கிட்டு இன்னொண்ண முறுக்கிக்கிட்டே இருந்து மெலிஞ்ச ஈ அறுந்து கன்னத்துல கீறிட்டு. ரெண்டாவது செட் ஸ்ட்ரிங் வாங்கினது அந்த கணக்குல.

கேலிபரேஷன் (கேம் உங்க கிட்டார் சத்தத்த அளந்து பாக்குறது) அப்ப கிட்டார்ல உள்ள வால்யூம் குமிழ் முழுசா தொறந்திருக்கணும். இது ரொம்ப சின்ன விஷயம். ஒரு சாயங்காலம் பூரா நான் இதுல விட்டேன்.

7. மொத ரெண்டு மாசம்

இந்த கேமுக்கு 60 நாள் சவால்னு வெளம்பரம் பண்ணினாங்க. அறுபதாவது நாள் நான் எஃப் கார்டுல உக்காந்து அழுதுட்டு இருந்தேன், ஆனா ஒரு நாலு பாட்டு முழுசா ஓடிச்சு, அதயும் சொல்லணும்.

ஸ்கிரீன்ல ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு கலரு. தடிச்சது செவப்பு, பிறகு மஞ்சள், நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா. தடிச்ச ஸ்ட்ரிங் ஸ்கிரீன்ல மேல இருக்கணுமா கீழ இருக்கணுமான்னு செட்டிங்ல மாத்தலாம், மொத நாளே எது ஒத்துவருதுன்னு பாத்து வச்சுட்டு பிறகு மாத்தாதீங்க. இடக்கையர்களுக்கும் தனி செட்டிங் உண்டு.

மொத ரெண்டு வாரம் பாடம் மட்டும், அதுவும் ஒத்த ஸ்ட்ரிங் நோட்டு. ஒரு நாளைக்கு 25 நிமிஷம் போதும். ஞாயித்துக்கெழமை மூணு மணி நேரம் ஒரேயடியா ஆடுறத விட தெனம் 25 நிமிஷம் தான் வெரலுக்கு நல்லது. வெரல் நுனி ரெண்டு மூணு வாரம் எரியும், பைய காய்ச்சுப்போயிரும். ரப்பர் பால் வெட்டுற எங்க மாமா கைய பாத்துட்டு "இதெல்லாம் ஒரு காய்ப்பாடா"ன்னு சிரிச்சாரு. குளிச்ச உடனே, பாத்திரம் கழுவின உடனே வாசிக்காதீங்க, ஊறின தோல் உரிஞ்சிரும்.

மூணாவது வாரத்துல இருந்து பாட்டு. இங்கன கேம் உங்கள ஏமாத்தும். நீங்க சரியா அடிக்க அடிக்க நோட்ட கூட்டிக்கிட்டே போகும், தப்பா அடிச்சா கொறைச்சிரும். கேக்க நல்லா தான் இருக்கு. ஆனா ஒரு பாட்ட பத்துல மூணு நோட்டு மட்டும் அடிச்சு கை பழகிட்டுன்னா, மிச்ச ஏழு வரும்போது பழகினத மறந்து புதுசா படிக்கணும், வெரல் வச்ச எடமே மாறும். அதனால ரிஃப் ரிப்பீட்டர்னு ஒரு வசதி இருக்கு, அதுக்குள்ள போய் ஒரு சின்ன பகுதிய எடுத்து, கடினத்த 100க்கு ஏத்திட்டு, வேகத்த 50, 60 சதவீதத்துக்கு எறக்குங்க. எல்லா நோட்டும் இருக்கும், பைய வரும். நாலு தரம் தப்பில்லாம வந்தா 5 சதவீதம் ஏத்துங்க. போரடிக்கும். அப்ப பத்து நிமிஷம் கிட்டார்கேடுக்குள்ள போய் அந்த சின்ன சின்ன வெளையாட்டுகள ஆடுங்க, பயலுகளும் கூட வந்து உக்காருவாங்க.

ஒரு பாட்ட நல்லா ஆடிட்டீங்கன்னா கேம் நோட்ட கொஞ்சம் கொஞ்சமா மறைக்கும், மனப்பாடமா வாசிக்கணும். பயந்து வெளிய வந்துறாதீங்க, அது தான் நெசமான பரீட்ச. ஸ்கிரீன் இல்லாம உங்களுக்கு என்ன தெரியும்னு அப்ப தான் தெரியும், எனக்கு மொத தரம் ஒண்ணுமே தெரியல.

8. கேமுக்கு கண்ணு கெடையாது

கேம் காதால தான் கேக்குது. நீங்க எந்த வெரல வச்சீங்க, பெருவெரல் கழுத்துக்கு பின்னால எங்க இருக்கு, கீழ அடிச்சீங்களா மேல அடிச்சீங்களா, மணிக்கட்டு மடங்கி கெடக்கா, ஒண்ணும் அதுக்கு தெரியாது. கார்டுல ரெண்டு ஸ்ட்ரிங் செத்துப்போய் கெடந்தாலும் பல நேரம் சரின்னு விட்டுரும். நான் நாலு மாசம் 90 சதவீதம் எடுத்துக்கிட்டு பெரிய ஆளு மாதிரி கொயர் பிராக்டிஸுக்கு போனேன், கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒரு நிமிஷம் பாத்துட்டு "மக்கா, எல்லாத்தையும் கீழ நோக்கியே வெட்டுற, விறகா வெட்டுற?"ன்னு கேட்டாரு.

அதனால ஒரு மாசமாவது ஒரு வாத்தியார்ட்ட போங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், எனக்கு மாசம் 1,200. எப்ப போகணும்னா கேம் தொடங்கி ஆறாவது வாரம் வாக்குல, அதுக்கு முன்னாடி போனா அவரு சொல்லுறது புரியாது, ரொம்ப தள்ளிட்டா தப்பு ஊறிரும். மத்த நாள்ல வாசிக்கிறத போன்ல வீடியோ எடுத்து சத்தத்த மூடிட்டு பாருங்க, கை மட்டும் தெரியும்.

கணக்கு கேக்குறவங்களுக்கு: கிட்டார் 6,000, செட்டப் 700, ஸ்ட்ரிங் 650, டிஸ்க்கும் கேபிளும் 4,500, ஆப்டிகல் 250, தோள் பட்டையும் பிக்கும் (ஸ்ட்ரிங்க அடிக்கிற சின்ன தகடு) 300, வாத்தியார் 1,200, ஆக 13,600. மெஷினும் ஹோம் தியேட்டரும் வீட்டுல இருந்தது. கீ, ஓட்டை கேபிள், அறுந்த ஸ்ட்ரிங்னு தெண்டமா போனது தனி, அத வீட்டுல இன்னும் சொல்லல.

9. கேம்ல இருந்து கேரல் ரவுண்டுக்கு (கிறிஸ்துமஸுக்கு வீடு வீடா போய் பாடுறது)

கேம்ல உள்ளது முக்காவாசி வெளிநாட்டு ராக்கும் பாப்பும் தான். நம்ம பாட்டு வாசிக்கணும்னா கேம்ல கை பழக்கத்த எடுத்துட்டு, பாட்ட வெளிய தான் படிக்கணும். ஜி, சி, டி, ஈ மைனர் இந்த நாலும் தடங்காம மாத்த வந்தாலே கொயர்ல உள்ள பாதி பாட்டுக்கு கூட நிக்கலாம். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) 60ல வச்சு, நாலு அடிக்கு ஒரு கார்டு, பிறகு ரெண்டு அடிக்கு ஒரு கார்டு.

அடுத்த தடங்கல் சுருதி. கீபோர்டு வாசிக்கிறவரு ஒரு பட்டன அமுக்கி டிரான்ஸ்போஸ் பண்ணிட்டு (சுருதிய மாத்திட்டு) "ஈ ஃபிளாட்"ம்பாரு, நீங்க முழிப்பீங்க. அதுக்கு தான் காப்போ, கழுத்துல எல்லா ஸ்ட்ரிங்கயும் சேத்து அமுக்குற கவ்வி. மொத ஃப்ரெட்டுல காப்போவ மாட்டி டி கார்டு பிடிச்சா ஈ ஃபிளாட் கேக்கும். ரெண்டாவது ஃப்ரெட்டுல மாட்டி டி பிடிச்சா ஈ. கீபோர்டுக்காரர்ட்ட பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடியே "எந்த ஸ்கேலு அண்ணே, டிரான்ஸ்போஸ் எவ்வளவு?"ன்னு ரெண்டையும் கேளுங்க, ஒண்ண மட்டும் கேட்டா மாட்டுவீங்க.

டிசம்பர் கேரல் ரவுண்டு தான் இலக்குன்னா மே கடைசிக்குள்ள கிட்டாரும் கேபிளும் கையில இருக்கணும், ஜூன் தொடங்கி கேம், ஜூலை நடுவுல இருந்து வாத்தியார், செப்டம்பர்ல இருந்து கொயர் பிராக்டிஸ்ல பின்வரிசைல நின்னு மெதுவா வாசிக்கணும். ஐப்பசி மழைக்கு கிட்டார பையோட வெறுந்தரையில வைக்காதீங்க, ஈரம் ஏறும். ராத்திரி ரவுண்டு போகும்போது பனியில ஸ்ட்ரிங் சுருதி மாறிக்கிட்டே இருக்கும், நாலு வீட்டுக்கு ஒருக்கா பாத்துக்கிடணும், அதுக்கு தலையில மாட்டுற கிளிப் டியூனர் வாங்கிருங்க, அத்தன பேரு பாடுற சத்தத்துல போன் டியூனருக்கு ஒண்ணும் கேக்காது. புது ஸ்ட்ரிங் மாத்துறதா இருந்தா ரவுண்டுக்கு ஒரு வாரம் முன்னாடியே மாத்திருங்க, அன்னைக்கு சாயங்காலம் மாத்துனா இழுத்து இழுத்து நிக்காது, மொத வீட்டு வாசல்லயே சுருதி போயிரும்.